மூடி யாருடையது?

ரெயினர்ஸ் லேன் நிலையத்திலிருந்து அந்த வீட்டுக்கு நடந்து போனால் பன்னிரண்டு நிமிடம். வடமேற்கு லண்டனில் ஹாரோவைச் சேர்ந்த பகுதி. மெட்ரோபொலிட்டன் ரயில் பாதையை நம்பி 1930களில் வரிசை வரிசையாகக் கட்டிய இரட்டை வீடுகள். முன்பக்கம் வளைந்த ஜன்னல், அதற்கு முன்னால் ஒரு சின்னத் தோட்டம். கட்டிய காலத்தில் கார் வைத்திருந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். இன்று பல வாசல்களில் இரண்டு நிற்கின்றன. அதனால் தோட்டத்தைக் கிளறிக் கல் பதிக்கிறார்கள். பதித்த பிறகு, தெருவிலிருந்து அந்தக் கல்லுக்குக் காரை ஏற்ற நடைபாதை விளிம்பைத் தாழ்த்த வேண்டும். இங்கே எல்லாரும் சொல்வது 'ட்ரொப்ட் கேர்ப்'.

நான் பார்க்கப் போனது பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஓர் அண்ணையின் வீட்டை. மின்சாரக் கார் வாங்கிவிட்டார். அதை வாசலில் வைத்து சார்ஜ் செய்ய வேண்டும். கவுன்சிலுக்கு விண்ணப்பித்தார், பதிலும் வந்தது. அனுமதி உண்டு, ஆனால் வண்டி ஏறும் பகுதிக்குள் மூன்று மூடிகள் இருக்கின்றன. அவற்றுக்கு உரிய நிறுவனங்களிடம் கதைத்து, மாற்ற வேண்டியதை உங்கள் செலவில் மாற்றி, எழுத்தில் காட்டினால்தான் வேலை தொடங்கும் என்று கடிதம். அண்ணை போனில் அதை வாசித்துக் காட்டியபோதே, அந்த மூன்று மூடிகளையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன். இப்படி நடந்தால் லண்டன் நடைபாதை வேறு ஊராகத் தெரிகிறது. பத்தடிக்கு ஒரு மூடி. உள்ளங்கை அளவில் தண்ணீர் வால்வு மூடி, செவ்வகத்தில் தொலைபேசிப் பெட்டி, மூன்றெழுத்தில் 'காஸ்' என்று பொறித்த சின்ன இரும்பு. ஒரு மதிலில் மஞ்சள் பலகை, கறுப்பு 'எச்' எழுத்து. மேலே 100, கீழே 4. தீயணைப்பு நீர்க்குழாய்க்கான அடையாளம் அது. மேலே உள்ளது குழாயின் விட்டம் மில்லிமீற்றரில், கீழே உள்ளது பலகையிலிருந்து வால்வுக்கு எத்தனை மீற்றர் என்பது. நாலு எட்டு வைத்துப் பார்த்தேன், மூடி அங்கேயே இருந்தது. அதன்மேல் ஒரு வேனின் பின்சக்கரம்.

அந்த வேன் ஏறியிருந்த இடத்தில் கேர்ப் தாழ்த்தப்படவில்லை. விளிம்பில் டயர் உரசிய கறுப்புக் கோடுகள், ஒரு கல்லின் மூலை பெயர்ந்து கிடந்தது. லண்டனில் நடைபாதையில் வண்டி நிறுத்துவது 1974 முதலே தடை. தாழ்த்தாத கேர்ப்பின் மேலால் வீட்டுக்குள் ஏற்றுவதும் குற்றம்தான். 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 184ஆம் பிரிவின்படி, அப்படி ஏற்றுகிறவருக்குக் கவுன்சில் நோட்டீஸ் கொடுத்து, தானே கேர்ப்பைத் தாழ்த்தி, செலவை அவரிடமே அறவிடலாம். விண்ணப்பித்துச் செய்தாலும் காசு நம்முடையது. செய்து முடித்த சரிவு கவுன்சிலுடையது. வீட்டுக்காரருக்குக் கிடைப்பது அதன்மேலால் போய்வரும் உரிமை மட்டும்.

அண்ணை கேட்டடியில் நின்றார். கையில் கடிதம், மற்றக் கையில் தேத்தண்ணிக் கோப்பை.

"தம்பி, பெரிய மூடி பி.ரி.யின்ரை, ரெலிபோன்காரரின்ரை. பில்டர் வடிவாப் பாத்திட்டுத்தான் சொன்னவன். அவங்களுக்கு எழுதி ஆறு கிழமை. இப்பதான் பதில் வந்தது, தங்கடை சாமான் ஒண்டும் அங்கை இல்லையாம்."

முழங்காலில் இருந்து பார்த்தேன். வார்ப்பிரும்பு, எழுபத்தைந்து சென்ரிமீற்றர் நீளம், நாற்பத்தைந்து அகலம், இரண்டு துண்டு. மேற்பரப்பில் வழுக்காமல் இருக்கப் புடைப்புகள், அவற்றுக்கிடையே பாசியும் சிகரெட் அடிக்கட்டையும். பழைய சாவியொன்றால் சுரண்டினேன். நடுவில் எழுத்து தெளிந்தது: சீ.ஏ.ரி.வி. கேபிள் தொலைக்காட்சிக்காரரின் பெட்டி. 1990களில் தெருத்தெருவாகத் தோண்டிக் கேபிள் போட்ட சின்னச் சின்ன நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கி, கடைசியில் என்.ரி.எல்., ரெலிவெஸ்ற் என்ற இரண்டாகி, அவையும் 2006இல் ஒன்றுசேர்ந்து, அடுத்த வருடம் வேர்ஜின் மீடியா என்று பெயர் மாறின. எனவே இப்படி ஒரு மூடியைக் கண்டால் முதலில் எழுத வேண்டியது அங்கேதான். தொலைபேசிப் பெட்டிகளிலும் இதே கதை உண்டு. தபால் துறையின் பெயர் பொறித்த மூடிகள் இன்னும் தெருவில் கிடக்கின்றன. அவற்றைத் திறக்கும் பொறுப்பு இன்று பி.ரி. குழுமத்தின் ஓப்பன்ரீச்சுக்கு. இரும்பின் ஆயுள் கம்பெனிப் பெயரைவிட நீளம்.

பில்டர் பார்த்தது உண்மையாக இருக்கலாம். நின்றபடி பார்த்திருப்பார்.

மூடியின் ஓரத்தில் இன்னொரு பொறிப்பு: ஈ.என். 124, பி125. தாங்கும் சுமையின் தரம் அது. ஏ15 என்றால் ஆள் நடக்கவும் சைக்கிள் போகவும் மட்டும். பி125 நடைபாதைக்கும் கார் தரிப்பிடத்துக்கும். சி250 தெருவோர வடிகால் விளிம்புக்கு. டி400 நடுத்தெருவுக்கு. எண் கிலோநியூட்டனில், 125 என்றால் கிட்டத்தட்ட பன்னிரண்டரைத் தொன் சோதனைச் சுமை. "என்ரை கார் ரெண்டு தொன் கூட வராதே" என்றார் அண்ணை. கணக்கு சரி. ஆனாலும் வண்டி ஏறும் இடத்தில் கூடிய தரத்து மூடி கேட்கும் கவுன்சில்களும் நிறுவனங்களும் உண்டு. அது வீண் கெடுபிடி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். மூன்று வீடு தள்ளிப் போய்ப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அளவு. வீட்டின் முகப்பு 7.60 மீற்றர். நடைபாதை அகலம் 1.92. கேர்ப்பின் உயரம் தெருவிலிருந்து 12 சென்ரிமீற்றர். இதைத் தாழ்த்தி 2.5 சென்ரிமீற்றர் மட்டும் விடுவார்கள். முழுக்கத் தட்டையாக்கினால் தெருத் தண்ணீர் வாசலுக்கு வந்துவிடும். கேர்ப் கல் ஒவ்வொன்றும் 915 மில்லிமீற்றர், பழைய மூன்றடி. அண்ணைக்கு அனுமதித்தது நடுவில் மூன்று தாழ்ந்த கல், இரண்டு பக்கமும் ஒவ்வொரு சரிவுக் கல். மொத்தம் ஐந்து, 4.575 மீற்றர். இடது எல்லையிலிருந்து தொடங்குவதாக வரைபடம். கவுன்சில் கேட்ட தொகை 2,350 பவுண்ட். அதற்கு முன் விண்ணப்பக் கட்டணம் 180, அது திரும்பாது.

பெட்டி இடது எல்லையிலிருந்து 2.10 மீற்றரில் தொடங்கி 2.85இல் முடிகிறது. தாழ்ந்த கற்களுக்கு நேர் பின்னால். கேர்ப் விளிம்பிலிருந்து இருபது சென்ரிமீற்றர் உள்ளே.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நடைபாதை முழுவதும் சரிவதில்லை. கடிதத்தோடு இணைத்திருந்த படத்தில் முன்பக்கத் தொண்ணூறு சென்ரிமீற்றர்தான் சரிவு. பின்னால் உள்ள ஒரு மீற்றரை இருந்த மட்டத்திலேயே விடுகிறார்கள், சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் சாயாமல் போக. ஆகவே மூடி மதிலோரம் இருந்தால் அதை இறக்கவே தேவையில்லை; தாங்குமா என்பது மட்டும் கேள்வி. முன்பக்கம் இருந்தால் சரிவோடு சேர்த்து அதையும் சாய்த்து இறக்க வேண்டும். அண்ணையின் பெட்டிக்குக் கடதாசியில் போட்டுப் பார்த்தோம். முன்விளிம்பு ஏழரைச் சென்ரிமீற்றர் கீழே போக வேண்டும், பின்விளிம்பு இரண்டரை.

மற்ற இரண்டு மூடிகள் அவ்வளவு தொல்லை இல்லை. ஒன்று மதிலை ஒட்டி, இடது எல்லையிலிருந்து 1.30இல், கேபிள் வீட்டுக்குள் திரும்பும் சின்னப் பெட்டி. மற்றது 3.40இல், அதுவும் மதிலோரம், நீல நிறம் மங்கிய பிளாஸ்டிக் மூடி, தண்ணீர் அடைக்கும் வால்வு. இந்தப் பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் தருவது அஃபினிட்டி வோட்டர். கழிவுநீர் மட்டும் தேம்ஸ் வோட்டர். இதையும் அண்ணை மாறித்தான் வைத்திருந்தார். தண்ணீர் பில்லை எடுத்துவரச் சொன்னேன், தலைப்பிலேயே இருந்தது.

மூன்று வீடு தள்ளி ஒரு பழைய சரிவு. அதன் நடுவே இதே அளவில் ஒரு மூடி. வீட்டுக்காரர் வெளியே வந்தார், சிரித்த முகம். "எட்டு வருடமாகக் காரை ஏற்றுகிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை. என் ஆள் ஒரே நாளில் சுற்றிவரக் கொங்கிரீட் ஊற்றி முடித்தான்" என்றார் ஆங்கிலத்தில். குனிந்து பார்த்தேன். மூடியில் கீறல்கூட இல்லை. ஆனால் அதைத் தாங்கும் சட்டம் தெருப்பக்க மூலையில் கிட்டத்தட்ட ஒன்றரைச் சென்ரிமீற்றர் இறங்கியிருந்தது. எதிர் மூலை அதே அளவு தூக்கி நின்றது. சுற்றிவர ஊற்றிய கொங்கிரீட்டில் மூலைக்கு மூலை வெடிப்பு. ஒரு மூலையில் காலை வைத்து அழுத்தினேன், பழைய வீட்டு ஊஞ்சல் பலகைபோல் எதிர் மூலை எழும்பி 'டக்' என்று அமர்ந்தது. இடுக்கில் சாம்பல் நிறத்தில் சீமெந்துப் பொடி.

பி125 மூடி காரின் பாரத்துக்கு உடைவதில்லை. உடைவது அதற்குக் கீழே இருக்கும் சாந்துப் படுக்கை. நடைபாதையில் ஆட்கள் மேலிருந்து கீழாக அழுத்துகிறார்கள். கார் அப்படியல்ல, ஒவ்வொரு நாளும் ஒரே மூலையில் சக்கரத்தைத் திருப்பி, பிரேக் பிடித்து, பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்த இழுப்பில் சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து, சாந்து பொடியாகிறது. சுமையின் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தியடைகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. சிரித்த முகத்துக்காரரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவருடைய கார் வெளியே போகும்போது மூடி இரண்டு தரம் சத்தம் போட்டது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மதியம் அண்ணையோடு தெற்கு ஹாரோ, நோர்த்தோல்ற் றோட். தமிழ்க் கடையொன்றில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் ஒன்று 1.40 பவுண்ட், உறைப்பு காணும். அங்கே போகிற வழியில்தான் அதிர்ஷ்டம் அடித்தது. ஒரு பக்கத் தெருவில் சிவப்பு வெள்ளைத் தடுப்புகள், மஞ்சள் நடைபலகை, ஐந்து கேர்ப் கற்கள் ஒரு தட்டில். கவுன்சிலின் ஆட்கள் ட்ரொப்ட் கேர்ப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தடுப்புக்கு வெளியே நின்று ஒரு மணித்தியாலம் பார்த்தோம். மேற்பார்வை பார்த்தவர் முதலில் முறைத்தார், அண்ணையின் கடிதத்தைக் காட்டியதும் இளகினார்.

அங்கேயும் ஒரு தொலைத்தொடர்புப் பெட்டி. ஆனால் அதன் சட்டம் ஏற்கெனவே புதிதாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, சுற்றிவர வெட்டிய தார் இன்னும் கறுப்பாகப் பளபளத்தது. "அதை நாங்கள் தொடவில்லை" என்றார் மேற்பார்வையாளர். "தொடவும் மாட்டோம். உரிய கம்பெனியின் ஆட்கள் போன கிழமை வந்து இறக்கிவிட்டுப் போனார்கள். அவர்கள் முடித்தால்தான் எனக்கு வேலைத்தாள் வரும்." எப்படி இறக்குவார்கள் என்று கேட்டேன். பெட்டியின் சுவர் செங்கல் என்றால், இரும்புச் சட்டத்தைக் கிளப்பி, மேல்வரிசைக் கல்லை எடுத்து, புதுச் சாந்தில் திரும்ப இருத்துவார்களாம். இங்கிலாந்துச் செங்கல் உயரம் 65 மில்லிமீற்றர், சாந்து பத்து. ஒரு வரிசை எடுத்தால் ஏழரைச் சென்ரிமீற்றர். அண்ணை என்னைப் பார்த்தார். எங்கள் கணக்கின் முன்விளிம்பு அதேதான்.

"அப்ப லேசு தானே?" என்றார் அண்ணை.

லேசில்லை என்று மேற்பார்வையாளர் கையால் காட்டினார். பெட்டி ஆழமாக இருந்தால் லேசு. ஆழமில்லாத பெட்டியில் மூடிக்குக் கீழேயே கேபிளும் இணைப்பும் சுருண்டு கிடக்கும். ஏழு சென்ரிமீற்றர் இறக்கினால் மூடி அவற்றின்மேல் இருக்கும். அப்போது பெட்டியையே உடைத்து ஆழமாகக் கட்ட வேண்டும், சிலவேளை குழாய்களைத் திருப்ப வேண்டும். மேலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே மூடி. அந்த வீட்டுக்காரர் வாசலில் நின்றார், அவரிடமே கேட்டேன். பெட்டிக்கு மட்டும் 3,100 பவுண்ட் கட்டியிருக்கிறார். கேர்ப்புக்கு 2,400. மதிப்பீடு வர மூன்று மாதம், வேலைக்கு ஆள் வர இன்னும் இரண்டு.

இதற்கிடையில் ஓர் இளைஞர் மஞ்சள் நிறக் கருவியொன்றை நிலத்துக்கு மேல் ஊசலாட்டிக்கொண்டு நடந்தார். நிலத்தடிக் கேபிளைத் தேடுவது. மின்சாரம் ஓடும் கம்பிக்கும் உலோகக் குழாய்க்கும் அது கூவும். பிளாஸ்டிக் குழாய் அதற்குத் தெரியாது. இன்று காஸும் தண்ணீரும் பெரும்பாலும் பிளாஸ்டிக்கில்தான் வருகின்றன. அதனால் கருவி மௌனமாக இருந்த இடத்திலும் அவர்கள் இயந்திரத்தை வைக்கவில்லை, பிடி காப்பிட்ட மண்வெட்டியால் மெதுவாகத் தோண்டினார்கள். முப்பது சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு பச்சைக் குழாய் தெரிந்தது, கேபிள் தொலைக்காட்சியின் நிறம். சாம்பல் என்றால் தொலைபேசி, மஞ்சள் காஸ், நீலம் தண்ணீர். இன்னும் கொஞ்சம் தள்ளி, மெல்லிய கறுப்புக் கேபிள் ஒன்று குறுக்கே போனது. மேற்பார்வையாளர் மடித்து வைத்திருந்த வரைபடத்தை விரித்தார். அதில் அந்தக் கோடே இல்லை. வீட்டுக்குப் பிரியும் இணைப்புகளைப் பல வரைபடங்கள் காட்டுவதில்லையாம். நடைபாதையில் மின்கேபிள் 45, காஸ் 60, தண்ணீர் 75 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருக்க வேண்டும் என்று வழிகாட்டி சொல்கிறது. கறுப்புக் கேபிளுக்கு நேரே நாடாவைப் பிடித்தார்: 31.

திரும்பி வீட்டுக்கு வந்ததும், அண்ணை போட்டிருந்த திட்டத்தையே மாற்றலாம் என்று சொன்னேன். பெட்டியை நகர்த்த ஆயிரக்கணக்கில் காசு. கேர்ப்பை நகர்த்த, விண்ணப்பக் கட்டத்தில், ஒரு புது வரைபடம் போதும். ஐந்து கல்லையும் வலது எல்லையோடு ஒட்டினால் சரிவு 3.025இல் தொடங்கும். பெட்டி 2.85இல் முடிகிறது. சின்னப் பெட்டியும் வெளியே. தண்ணீர் மூடி சரிவுக் கல்லுக்குப் பின்னால் மதிலோரம் வரும், சக்கரம் அதன்மேல் போகாது. பல வீடுகளில் இதுதான் செய்ய வேண்டிய முதல் வேலை என்று நினைக்கிறேன்: கேர்ப்புக்கு இடம் குறிக்கும் முன் நாடாவோடு நடைபாதையில் முழங்கால் இடுவது. கவுன்சிலும் சொல்வதில்லை, பில்டரும் சொல்வதில்லை. இருவருக்கும் பெட்டி வேறு யாருடையதோ.

வலது பக்கத்தில் இரண்டு தடை. முதலாவது வளைந்த ஜன்னல். இந்தக் கவுன்சில் மதிலிலிருந்து வீட்டுச் சுவர்வரை 4.80 மீற்றர் கேட்கிறது, காரின் பின்பக்கம் நடைபாதையில் நீட்டக்கூடாது என்பதற்காக. ஜன்னலின் மிக முன்தள்ளிய இடத்திலிருந்து அளந்தோம். 4.93. மற்றது, காஸ் மீற்றர் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில். அப்படியென்றால் தெருவிலிருந்து காஸ் குழாய் புதிய சரிவின் அடியால்தான் வர வேண்டும், அதற்கு மேலே ஒரு மூடியும் இல்லை. இந்தப் பகுதியின் காஸ் குழாய்கள் கேடன்ற் நிறுவனத்தின் பொறுப்பு. அவர்களிடம் வரைபடம் கேட்டு எழுதச் சொன்னேன். எழுதினாலும் தோண்டும் நாளில் கையால்தான் தோண்ட வேண்டும், அந்தக் கறுப்புக் கேபிளை அண்ணையும் பார்த்தவர்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அண்ணை பார்த்தது மதிலின் நடுவில் நின்ற தூணை. உச்சியில் சீமெந்துத் தாமரை வைத்த தூண். ஊரிலிருந்து வந்திருந்த மச்சான் கட்டியது. வலது பக்கம் கார் ஏற வேண்டுமென்றால் அது போக வேண்டும்.

"உதை இடிக்கேலாது தம்பி."

அந்த வீட்டு அக்கா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்கள் சார்ஜ் பண்ணப் போறது காரையோ, தூணையோ?"

தாமரையை மட்டும் கழற்றி வீட்டுக்குப் பின்னால் வைப்பது என்று முடிவாயிற்று. புதிய வரைபடத்தில் பெட்டியின் விளிம்புக்கும் சரிவுக் கல்லுக்கும் இடையே உள்ள பதினேழரைச் சென்ரிமீற்றரைச் சிவப்பால் எழுதினோம், பெட்டியையும் அதன் எழுத்துகளையும் நாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து இணைத்தோம். நான் சப்பாத்துப் போடும்போது, தூணை இடித்து அள்ள 280 பவுண்ட் கேட்ட ஒருவரோடு அண்ணை போனில் 220க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.